மாவுச்சத்து வந்த வழி

டில்லியில் படிக்கும் தமிழ் மாணவர் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால், பேச்சு வெகு விரைவில் சோற்றிடம் வந்து சேரும். விடுதிச் சோறு விறைத்திருந்ததா, குழைந்திருந்ததா, கரோல்பாகில் எந்தக் கடையில் இட்டிலி பஞ்சுபோல் இருக்கிறது, ரொட்டியைத் தின்று எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பன நம் சங்கத்தில் இலக்கியத்துக்கு அடுத்தபடியாக ஆராயப்படும் பொருள்கள். ஆனால் சோறு, இட்டிலி, ரொட்டி என்று நாம் பிரித்துப் பேசும் இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே பொருள்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. கோதுமையிலும் பெரும்பகுதி அதுவே. உருளைக்கிழங்கு, சேலத்து மரவள்ளியிலிருந்து வரும் சவ்வரிசி, வேட்டிக்குப் போடும் கஞ்சி ஆகியன எல்லாம் அதன் வேறு வேறு வேடங்கள்.

இந்த மாவுச்சத்தை முதன்முதல் செய்தது நெல்லா, கோதுமையா? இரண்டும் அல்ல. நிலத்தில் செடி கொடி என்று ஒன்றுமே இல்லாத காலத்திலேயே, நீரில் வாழ்ந்த பாசிகள் அதைச் செய்யத் தெரிந்து வைத்திருந்தன. குளத்துப் படியில் வழுக்கும் என்று நாம் ஒதுங்கிப் போகும் பாசி. கோடையில் கூலர் தொட்டியில் பச்சையாகப் படியும் பாசி. அந்தப் பாசி இந்தக் கலையை எவ்வாறு பெற்றது என்பதைத் தாவரவியல் மாணவன் என்ற முறையில் இங்குக் கூற விழைகிறேன். பொருளாதாரமும் வரலாறும் பயிலும் நண்பர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆகையால் வேதியியல் குறியீடுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சேமிப்பின் சிக்கல்

பகலில் வெயில் உண்டு; இரவில் இல்லை. வெயிலைக் கொண்டு கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்கும் உயிருக்கு, இரவுக்கென்று ஏதேனும் எடுத்து வைக்க வேண்டிய தேவை உண்டு. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையையே அப்படியே சேர்த்து வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் உயிரணு வெடித்துப் போகும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டிலிருந்து நீர் ஊறி வெளியே வருவதை நாம் அறிவோம். கரைந்த பொருள் எங்கே மிகுதியோ அங்கே நீர் ஓடும் என்பது விதி. உயிரணுவுக்குள் சர்க்கரை கரைந்து நிறைந்தால், வெளியிலுள்ள நீர் உள்ளே பாயும்.

ஆகவே ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துணுக்குகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரே பொருளாக்கிவிட வேண்டும். கரையாத மணியாகவே ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. நீரை இழுக்காது; இடத்தை அடைக்காது; வேண்டும்போது உடைத்துச் செலவிடலாம். அந்த மணிதான் மாவுச்சத்து. இலையில் வெயில் பட்டதும் மாவுச்சத்து மணிகள் தோன்றுவதையும், இருட்டில் அவை மறைவதையும் ஜெர்மானியத் தாவரவியலார் ஜூலியஸ் சாக்ஸ் 1860களில் ஐயோடின் கரைசலைக் கொண்டு காட்டினார். நம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் இன்றும் செய்யப்படும் சோதனை அதுவே.

நான்கு வேலைகள்

மாவுச்சத்தைச் செய்வதில் நான்கு முக்கிய வேலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதி, அஃதாவது என்சைம், உண்டு. இவற்றைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. டில்லித் தெருவோரத் தள்ளுவண்டிகளே போதும்.

முதல் வேலை, குளுக்கோசைக் கோப்பதற்கு ஆயத்தமாக்குதல். தனிக் குளுக்கோஸ் தானாகச் சங்கிலியில் சேராது. அதன் தோளில் ஒரு பிடியை மாட்டிவிட வேண்டும். அந்தப் பிடிக்கு ஏ.டி.பி. என்று பெயர். இந்த ஏ.டி.பி. குளுக்கோசுக்கும் மாவுச்சத்துக்கும் உள்ள உறவை 1961இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் அர்ஜென்டினா நாட்டு லூயி லெலுவார். பிடி மாட்டிய சர்க்கரைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1970இல் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மழைக்காலத்தில் கரியடுப்பில் வாட்டித் தரும் சாதாரண மக்காச்சோளக் கதிரையும், மெட்ரோ நிலையங்களில் கோப்பையில் போட்டுத் தரும் இனிப்புச் சோளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிகுந்த இனிப்புடைய சோள வகைகள் பலவற்றில் இந்தப் பிடி மாட்டும் நொதி பழுதுபட்டிருக்கிறது. சர்க்கரை மாவாக மாற வழியின்றிச் சர்க்கரையாகவே நிற்கிறது. நாம் அந்தப் பழுதைத்தான் காசு கொடுத்து வாங்கிச் சுவைக்கிறோம்!

இரண்டாவது வேலை, பிடி மாட்டிய குளுக்கோசை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சங்கிலியை நீளமாக்குதல். மூன்றாவது வேலை, கிளை வைத்தல். நீண்ட சங்கிலியின் ஒரு துண்டை வெட்டி, பக்கவாட்டில் ஒட்டவைக்கும் நொதி ஒன்று உண்டு. இதற்குச் சான்று குளிர்காலத்தில் ஆஸாத்பூர்ச் சந்தையில் குவியும் பட்டாணி. 1866இல் வெளிவந்த கட்டுரையில் மெண்டல், உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் வைத்து மரபு விதிகளை வகுத்தார் அல்லவா? அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் கிளை வைக்கும் நொதிகளுள் ஒன்றின் மரபணு பழுதானமையே என்று 1990இல் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். மாவுச்சத்துக் குறைந்து சர்க்கரை மிகுந்தது. சர்க்கரை நீரை இழுத்தது. விதை காய்ந்தபோது நீர் போய்த் தோல் சுருங்கியது. முன்னர்ச் சொன்ன மாங்காய் விதியே இங்கும்.

நான்காவது வேலைதான் வியப்புக்குரியது. வைத்த கிளைகளிற் சிலவற்றை வெட்டி எறிதல்! நெருக்கமாகவும் தாறுமாறாகவும் அமைந்த கிளைகளை ஒரு நொதி கத்தரித்துவிடுகிறது. எஞ்சிய கிளைகள் ஒரே திசையில், கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டு கிளைகள் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கிய கயிறுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகின்றன. ஓர் அடுக்கு ஏறத்தாழ 9 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வருவது ஒரு நானோமீட்டர். மாவுச்சத்துத் திடமான மணியாக இருப்பதற்கு இந்த அடுக்கே காரணம். பழைய வகை இனிப்புச் சோளத்தில் பழுதானது இந்தக் கத்தரிக்கும் நொதி. அதன் உள்ளே மணிக்குப் பதிலாகப் பால்போல் கரையும் கிளைச் சர்க்கரை உண்டாகிறது.

இந்த உண்மையைத் தெளிவாக்கியதில் ஒரு பாசிக்குப் பெரும்பங்கு உண்டு. பிரான்சில் லில் நகரத்து ஸ்டீவன் பால் என்பவரும் அவர் குழுவினரும் கிளாமிடோமோனஸ் என்னும் ஒற்றையணுப் பச்சைப் பாசியை ஆராய்ந்தனர். கத்தரிக்கும் நொதி பழுதான பாசியில் மாவுச்சத்து மணிகள் உண்டாகவில்லை. கரையக்கூடிய வேறு பொருளே உண்டாயிற்று. இதை வைத்து அவர்கள் 1996இல் தம் விளக்கத்தை வெளியிட்டனர். கட்டுவதால் மட்டும் மாவுச்சத்து உண்டாவதில்லை. கழிப்பதாலும் உண்டாகிறது என்பதே அதன் சாரம்.

இவை தவிர, மணிக்குள்ளேயே இருந்துகொண்டு கிளையில்லாத நீண்ட சங்கிலிகளைச் செய்யும் நொதி ஒன்றும் உண்டு. அந்த நீண்ட சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். விடுதிச் சோற்றைப் பற்றிய நம் வழக்குகளுக்கு இதுவே மூலகாரணம். அமைலோஸ் மிகுந்தால் சோறு ஆறியதும் விறைக்கும், குறைந்தால் ஒட்டும், பாசுமதியில் நடுத்தரம். மணிப்பூர் நண்பர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் ஒட்டரிசியில் அமைலோஸ் மிகமிகக் குறைவு.

நம் உடலிலும் ஒரு கிடங்கு

நிற்க. குளுக்கோசைக் கோத்துச் சேமிப்பது செடிகளுக்கும் பாசிகளுக்கும் மட்டும் உரிய கலை அன்று. நம் ஈரலிலும் தசையிலும் அதே குளுக்கோஸ், அதே பிணைப்புகளுடன், கிளைக்கோஜன் என்ற பெயரில் இருக்கிறது. காளானிலும் ஈஸ்டிலும் உண்டு. பாக்டீரியாக்கள் பலவற்றிலும் உண்டு. ஆனால் கிளைக்கோஜனில் கிளைகள் மிக நெருக்கம். நெருக்கம் மிகுந்ததால் அது ஓரளவுக்கு மேல் வளர முடியாது. ஏறத்தாழ 40 நானோமீட்டர் உருண்டையானதும் புறத்தே நொதி நுழைய இடமின்றி நின்றுவிடுகிறது. அது நீரில் கரைந்தே கிடக்கும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து மணியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை வளரும். குறுக்களவிலேயே இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு!

கிளைக்கோஜன் பழைய முறை. மாவுச்சத்துப் பிற்காலத்து முறை. பழையதிலிருந்து புதியது எப்படி வந்தது என்பதே நம் கேள்வி. விடை, ஒரு விருந்தாளியின் வரலாற்றில் இருக்கிறது.

விருந்தாளி வந்த கதை

செடியின் பச்சை நிறம் பசுங்கணிகம் என்னும் உறுப்பில் உள்ளது. அவ்வுறுப்பு முற்காலத்தில் தனித்து வாழ்ந்த உயிர். பிறகு மற்றோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்தது என்று 1905இல் ருஷ்ய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி எழுதினார். பலர் நம்பவில்லை. 1967இல் அமெரிக்க அம்மையார் லின் மார்குலிஸ் அதைப் புதிய சான்றுகளுடன் எடுத்துரைத்தார். இன்று ஐயத்துக்கு இடமில்லை. குடிபுகுந்தது நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி இருப்பினும் உண்மையில் அது பாக்டீரியா இனம். வயலில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்கு உரமாக்கும் அந்த இனத்தை நம் டில்லிப் பூசாவிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்துப் பாதுகாத்து வருகின்றனர். சென்னைப் பேராசிரியர் தேசிகாச்சாரி அதைப் பற்றி எழுதிய பெருநூலும் 1959இல் டில்லியிலிருந்துதான் வெளியாயிற்று.

இந்தக் குடிபுகல் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. விந்தியப் பகுதியில் சித்திரகூடத்துப் பாறைகளில் கிடைத்த, 160 கோடி ஆண்டுப் பழமையுடைய புதைபடிவங்களைச் செம்பாசி எனக் கருதலாம் என்று 2017இல் அறிஞர் சிலர் எழுதினர். அக்கருத்துச் சரியானால், நம் கதை இன்னும் பின்னோக்கிச் செல்லும்.

விருந்தாளியிடமும் ஒரு சேமிப்பு முறை இருந்தது. வீட்டுக்காரரிடமும் ஒன்று இருந்தது. இரண்டும் கிளைக்கோஜன் முறைகளே. ஆனால் விருந்தாளி ஏ.டி.பி. பிடியைப் பயன்படுத்தியது, வீட்டுக்காரர் யு.டி.பி. என்ற வேறு பிடியைப் பயன்படுத்தினார். நம் உடல் இன்றும் யு.டி.பி.யையே பயன்படுத்துகிறது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரத் தொகுதி! காலப்போக்கில் இரண்டும் கலந்தன. இன்று செடியிலும் பாசியிலும் உள்ள மாவுச்சத்து நொதிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும்போது, சில நீலப்பச்சைப் பாசியின் வழி வந்தவை, சில வீட்டுக்காரர் வழி வந்தவை, சில வேறு பாக்டீரியாக்களின் சாயல் உடையவை என்று தெரிகிறது. மாவுச்சத்து ஒருவர் கண்டுபிடித்த புதுப்பொருள் அன்று. இரண்டு குடும்பத்துத் தட்டுமுட்டுகளைக் கொண்டு கூட்டுக்குடும்பம் சமைத்த புதுப் பண்டம்.

கத்தரிக்கும் நொதி எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு. கிளாமிடியா என்னும் ஒட்டுண்ணி பாக்டீரியாவும் அதே காலத்தில் அதே வீட்டில் தங்கியிருந்தது, அதுவே இந்த நொதியைக் கொடுத்து விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே பாலமாயிற்று என்பது ஸ்டீவன் பால் குழுவினரின் கொள்கை. மரபணுக்களின் வம்சாவளியை வேறு முறையில் கணித்த அறிஞர்கள் அச்சான்று போதாது என்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. நீலப்பச்சைப் பாசிகளுள் ஒரு சிலவும் தாமாகவே மாவுச்சத்தை ஒத்த திட மணிகளைச் செய்கின்றன என்பதும் இந்த நூற்றாண்டில் தெரியவந்துள்ளது.

கிடங்கு எங்கே?

அந்த முதற் குடும்பத்திலிருந்து செம்பாசி, பச்சைப்பாசி, வேறொரு சிறு பாசியினம் என மூன்று கிளைகள் பிரிந்தன. மூன்றும் மாவுச்சத்துச் செய்கின்றன. ஆனால் கிடங்கு வைத்த இடம் வேறு. செம்பாசி மாவுச்சத்தைப் பசுங்கணிகத்துக்கு வெளியே, உயிரணுவின் கூடத்தில் வைக்கிறது. பெரும்பாலும் யு.டி.பி. பிடியையே ஆள்கிறது. பச்சைப்பாசியோ தொழிற்சாலையையும் கிடங்கையும் விருந்தாளியின் அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. பிடியும் விருந்தாளியின் ஏ.டி.பி.யே. வீட்டுக்காரர் வழி வந்த நொதிகளும் முகவரி ஒட்டி அந்த அறைக்கு அனுப்பப்படுகின்றன. சர்க்கரை உண்டாகும் இடத்திலேயே மணியும் உண்டாகிறது.

இராமநாதபுரக் கடற்கரை நண்பர்களுக்குச் செம்பாசி புதிதன்று. மண்டபம், இராமேசுவரம் பகுதியில் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் கஞ்சிப்பாசி ஒரு செம்பாசிதான். அதைக் காய்ச்சினால் கஞ்சிபோல் கெட்டியாவதால் இப்பெயர். எனினும் கெட்டியாக்குவது அதன் மாவுச்சத்து அன்று. உயிரணுச் சுவரிலுள்ள அகர் என்னும் பொருள். மாவுச்சத்து உள்ளே தனியே இருக்கிறது. அதில் அமைலோஸ் இல்லாமையால் ஐயோடின் விட்டால் நீலம் தோன்றாமல் செந்நிறச் சாயல் தோன்றும். ஐயோடின் நீலமாவது அமைலோஸ் சுருளின் நடுவே அது புகுந்து அமர்வதால்தான்.

கடலிலுள்ள பழுப்புப்பாசிகளும் டயாட்டம்களும் மாவுச்சத்துச் செய்வதில்லை. அவை குளுக்கோசை வேறு வகையில் பிணைத்துக் கரைசலாக வைக்கின்றன. மற்றொரு புறம், டாக்சோபிளாஸ்மா என்னும் நோயுண்ணி பாசி மரபில் வந்தது, பச்சையை இழந்துவிட்டது, மாவுச்சத்து மணியை மட்டும் விடவில்லை. அதன் உறவினரான மலேரியாக் கிருமி அதையும் இழந்துவிட்டது. நம் இரத்தத்தில் குளுக்கோஸ் ஓயாமல் கிடைக்கும்போது கிடங்கு எதற்கு?

சென்னையும் டில்லியும்

பச்சைப்பாசியிலிருந்து நெல்லுக்கு வழி யாது? இங்கே நம்மவர் இருவரை நினைவுகூர்தல் தகும். ஒருவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் சென்னைப் பல்கலைக்கழகத்து எம்.ஓ.பி. ஐயங்கார். ஈர மண்ணில் நிமிர்ந்து வளரும் ஒரு பச்சைப்பாசியை அவர் 1932இல் விவரித்து, ஆங்கில அறிஞர் ஃபிரிட்ச் பெயரால் ஃபிரிட்ச்சியெல்லா என்று பெயரிட்டார். நிலத்துச் செடிகளின் முன்னோர் இத்தகைய உருவமைப்பு உடையவராக இருந்திருக்கலாம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதின. மற்றவர் எம்.எஸ். ரந்தாவா. நாடு பிரிவினையடைந்த 1947இல் டில்லியின் துணை ஆணையராக இருந்து அகதிகளுக்கு இடம் தேடிய ஐ.சி.எஸ். அதிகாரி, அவரே பாசி வல்லுநருமாவார். ஸ்பைரோகைரா முதலிய இழைப்பாசிக் குடும்பத்தைப் பற்றிய அவர் நூல் 1959இல் டில்லியில் வெளியாயிற்று.

மரபணு ஆராய்ச்சி தந்த தீர்ப்பு சுவையானது. ஃபிரிட்ச்சியெல்லா தூரத்து உறவு. நிலத்துச் செடிகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய உறவு, கிளையும் வேரும் இல்லாமல் குட்டையில் பட்டு நூல்போல் மிதக்கும் ஸ்பைரோகைராவின் இனமே! 2014லும் 2019லும் வெளிவந்த பேராய்வுகள் இதை உறுதிசெய்தன. உருவத்தைக் கொண்டு உறவை அளக்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? ஐயங்காரின் புகழுக்கு இதனால் குறைவில்லை. நிலமேறும் வழியைப் பாசிகள் ஒருமுறையன்று, பலமுறை முயன்றன என்பதை அவர் கண்டெடுத்த பாசி இன்றும் காட்டி நிற்கிறது.

இதனால் நமக்கென்ன?

பாசி மாவுச்சத்துச் செய்தால் எனக்கென்ன, சோறு கிடைத்தால் போதும் என்று நண்பர் ஒருவர் கேட்கலாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறியது. நம் வீடுகளில் தந்தையோ பாட்டியோ அக்கணக்கில் இருப்பர். நன்கு வெந்த சோறு விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் ஏறுவது அவர்களுக்குத் துன்பம். கிளை வைக்கும் நொதியைக் குறைத்தால் நீண்ட சங்கிலி மிகும்; அத்தகைய மாவுச்சத்து மெல்லச் செரிக்கும். அப்படிப்பட்ட நெல்லும் கோதுமையும் ஆராய்ச்சிக்கூடங்களில் உண்டாக்கப்பட்டுள்ளன. ஆனால் மெண்டலின் பட்டாணி நமக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு நொதியைத் தொட்டால் மணி சுருங்கும், எடை குறையும், சுவையும் மாறும். உண்பவருக்கு நன்மை, உழவருக்கு இழப்பு என்ற நிலை வரலாகாது. எந்த நொதியை எவ்வளவு தொடலாம் என்பதை அறிய, அந்த நொதிகள் எப்படி ஒன்றுசேர்ந்தன, எது இன்றியும் எது இயங்கும் என்பதை அறிய வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பல வகையில் இதைச் செய்து பார்த்திருக்கும் பாசிகளே அதற்கு நல்ல பாடநூல்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேங்கிய தெளிந்த நீரில் வழவழப்பான பச்சை இழை கண்டால் சிறிதளவு எடுத்துத் தாவரவியல் துறைக்கு வாருங்கள். நுண்ணோக்கியின் கீழ், நாடாபோல் சுருண்டோடும் பசுங்கணிகத்தின்மீது முத்து வரிசையாகச் சில புள்ளிகள் தெரியும். ஒரு துளி ஐயோடின் விட்டதும் அவற்றைச் சுற்றி நீலம் பரவும். சோற்றுப் பருக்கையில் விட்டாலும் அதே நீலம்தான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உறவினர் இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்த மகிழ்ச்சியே எனக்கு உண்டாகிறது.